நொச்சி சூடிய நங்கை

பழந்தமிழர் போரைப் பூவால் வகுத்தனர். பகைவர் மதிலை வளைத்து முற்றுவோர் உழிஞை சூடுவர். உள்ளிருந்து அம்மதிலைக் காப்போர் நொச்சி சூடுவர். தொல்காப்பியம் மதில் காத்தலை உழிஞைத் திணையின்கண்ணே அடக்கியது. பிற்காலத்து எழுந்த புறப்பொருள் வெண்பாமாலையே அதற்கு நொச்சிப் படலம் எனத் தனி இடம் வகுத்தது. காப்பவனின் பெருமை காலந்தாழ்ந்தே உணரப்படும் என்பதற்கு இதனையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம் போலும்.

கால்பந்தாட்டத்திலும் நிலைமை இதுவே. கோல் அடித்தவர் பெயர் மறுநாள் எல்லார் நாவிலும் இருக்கும். அடிக்கவிடாமல் தடுத்தவர் பெயரை யார் கேட்கிறார்கள்? அவர் தவறும்போது மட்டுமே ஊர் அவரை நினைக்கும். இத்தகைய நொச்சி மறவருள் ஒருவராய்க் கல்லூரித் திடலில் தொடங்கி, உலகப் புகழ் பெற்ற தொழில்முறை ஆட்டக்காரராக உயர்ந்த ஓர் இளநங்கையின் வரலாற்றை இங்கு எழுதப் புகுகின்றோம். அவர் பெயர் நயோமி கிர்மா. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில் 2000ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் பிறந்தவர். பெற்றோர் எத்தியோப்பிய நாட்டிலிருந்து குடியேறியவர்கள்.

தமிழ்ச் சங்க மலரில் எத்தியோப்பியக் குடும்பத்துப் பெண்ணின் கதைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். கட்டுரையைப் படித்து முடித்தபின் அவ்வினா எழாது என்பது எம் நம்பிக்கை.

திடலின் முன்வரலாறு

ஒருவரின் உயர்வைக் காணுமுன் அவர் ஏறிய படிகளை யார் கட்டினார்கள் என்று காண்பது முறை. பெண்கள் கால்பந்து ஆடுவது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஆலைகளில் ஆடவர்க்குப் பதிலாகப் பெண்கள் வேலை செய்தனர். ஆலை முற்றத்தில் உணவு இடைவேளையில் பந்து உதைக்கத் தொடங்கியவர்கள், விரைவில் குழுக்களாக அமைந்தனர். பிரஸ்டன் நகரத்து டிக் கெர் ஆலைப் பெண்கள் குழு அவற்றுள் தலையாயது. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் லிவர்பூலின் குடிசன் பார்க் திடலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். இடமின்றி வெளியே நின்றவர்களும் பல்லாயிரவர்.

அத்துணைப் பெருங்கூட்டமே அவர்களுக்குப் பகையாயிற்று. மறு ஆண்டே, 1921 டிசம்பரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன்னைச் சார்ந்த திடல்களைப் பெண்களுக்குத் தரலாகாது என விதித்தது. இவ்வாட்டம் பெண்ணுடலுக்குப் பொருந்தாது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஐம்பது ஆண்டளவு நின்ற அத்தடை 1970களின் தொடக்கத்திலேதான் நீங்கிற்று. இரண்டு தலைமுறைப் பெண்கள் ஆடாமலே முதுமை எய்தினர்.

அமெரிக்காவில் வழி வேறு விதமாகத் திறந்தது. 1972ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் நிக்ஸன் ஒரு கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன் ஒன்பதாம் பகுதி, நடுவண் அரசின் பொருளுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் வேற்றுமை காட்டலாகாது என்றது. ஆங்கில மூலத்தில் அதன் முதல் விதி 37 சொற்களே கொண்டது. விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. எனினும் ஆடவர்க்கு விளையாட்டு உதவித்தொகையும் திடலும் பயிற்சியாளரும் தரும் கல்லூரி, மகளிர்க்கும் அவற்றைத் தரவேண்டும் என்பது அதன் பயனாயிற்று. 1971-72இல் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுக் குழுக்களில் இருந்த பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்றோ முப்பது லட்சத்துக்கும் மேல்.

1982இல் கல்லூரிப் பெண்களுக்கான தேசியக் கால்பந்துப் போட்டி தொடங்கியது. 1991இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றது. 1996இல் மகளிர் கால்பந்து ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. 1999 சூலை 10ஆம் நாள் கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் அரங்கில் அமெரிக்காவும் சீனாவும் ஆடிய உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை 90,185 பேர் நேரில் கண்டனர்.

அவ்வெற்றிகளின் நாற்றங்கால் கல்லூரிகளே. கல்லூரியை விட்டபின் ஆட இடம் வேண்டுமே! தொழில்முறை லீக் ஒன்று 2001இல் தோன்றி 2003இல் பொருள் முட்டுப்பாட்டால் மறைந்தது. மற்றொன்று 2009இல் தொடங்கி மூன்று பருவங்களே ஆடி 2012இல் கலைந்தது. மூன்றாவதாக 2013இல் எட்டுக் குழுக்களோடு எழுந்த தேசிய மகளிர் கால்பந்து லீக்கே வேரூன்றி நின்றது. நயோமி பிறந்தபோது அவருடைய நாட்டில் பெண்களுக்கென ஒரு தொழில்முறை லீக்கும் நடைபெறவில்லை. அவர் பந்தை உதைக்கக் கற்ற வயதில் இருந்ததும் போயிற்று. அவர் பள்ளிப் பருவத்தில் மீண்டும் ஒன்று எழுந்தது. நல்ல காலத்தில் பிறந்தவர் என்று இதனைக் கூறிவிடலாம். ஆனால் அக்காலத்தை நல்லதாக்க எத்தனையோ பேர் தோற்றிருக்கிறார்கள் என்பதையும் மறத்தலாகாது.

விடியல் என்னும் பெயர்

எத்தியோப்பியாவில் 1974இல் பேரரசர் ஹெய்லி செலாசி அரியணையினின்றும் நீக்கப்பட்டார். தொடர்ந்து வந்த படைத்தலைவர் ஆட்சி 1991வரை நீடித்தது. கொலைகளும் சிறையும் பஞ்சமும் மலிந்த அக்காலத்தில் எண்ணற்றோர் நாட்டை விட்டகன்றனர். அமெரிக்கா சென்றோருள் பலர் கலிபோர்னியாவிலும் தங்கினர். நயோமியின் பெற்றோரும் அவ்வாறு வந்தவர்களே.

பெயர் குறித்து ஒரு சொல். கிர்மா என்பது குடும்பப் பெயர் அன்று. அவர் தந்தையின் இயற்பெயர். தந்தையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து வழங்குவதே எத்தியோப்பியர் வழக்கம். வடபுலத்து அலுவலகங்களில் ‘உங்கள் குடும்பப் பெயர் என்ன?’ என்று வினவப்பெற்று, ‘அஃது எம் தந்தையார் பெயர்’ என விளக்கி விளக்கி அயர்ந்த நம்மவர்க்கு இதன் பொருள் எளிதிற் புலப்படும். இன்று உலகின் பெரிய அரங்குகளில் பல்லாயிரவர் கூவியழைப்பதும், அவர் சட்டையின் முதுகில் எழுதியிருப்பதும் அத்தந்தையின் பெயரே.

சான் ஹோசேப் பகுதியில் வாழ்ந்த எத்தியோப்பியக் குடும்பங்கள் வாரவிடுமுறை நாட்களில் ஒருங்கு கூடும் வழக்கமுடையவர். அக்கூட்டத்தினர் பிள்ளைகளுக்கென ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கினர். அதனைத் தொடங்கி நடத்தியோருள் நயோமியின் தந்தையும் ஒருவர். கழகத்தின் பெயர் மலேடா. அம்ஹாரிய மொழியில் விடியல் என்பது அதன் பொருள். பெரியவர்கள் உணவு சமைத்துப் பகிர்ந்து உரையாடுவர். சிறுவர் சிறுமியர் பந்து ஆடுவர். நயோமி தம் மூத்த தமையனோடு ஏறத்தாழ ஐந்து வயதில் அங்கே ஆடத் தொடங்கினார்.

உலகக் கோப்பைக்கு ஆட்டக்காரரைத் தரவேண்டும் என்பது அக்கழகத்தின் நோக்கமாக இருந்திராது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறியவேண்டும். வீட்டு மொழி காதில் விழவேண்டும். வேற்று மண்ணில் தனியராய் வளரலாகாது. குடிபெயர்ந்தோர் எங்கும் கூடுவது இவ்வளவு எளிய விருப்பத்தினால்தான். அதனினின்றும் என்ன முளைக்கும் என்பதை விதைப்போர் அறியார்.

இங்கு மற்றொரு செய்தியும் கருதற்குரியது. அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து பெரும்பாலும் பணம் கட்டி ஆடும் முறையில் அமைந்தது. பயிற்சிக் கட்டணம், சீருடை, வெளியூர்ப் பயணம், விடுதி என ஆண்டுதோறும் பெருந்தொகை செலவாகும். வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளே மிகுதியும் மேலே வருவர். இந்நிலையில் ஒரு குடியேறிய சமூகம் தன் முற்றத்திலே, தன் உழைப்பிலே நடத்திய கழகம் ஒரு சிறுமிக்கு ஆட்டத்தின் மீது முதற்காதலை ஊட்டியது சிறு செய்தியன்று. பின்னரே அவர் பெரிய கழகங்களில் சேர்ந்து, பல வயதுப் பிரிவுகளில் தேசியச் சிறுமியர் குழுக்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஸ்டான்போர்டு நாட்கள்

2018இல் நயோமி ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது சான் ஹோசேக்கு அண்மையில் உள்ளது. பிள்ளை வீட்டுக்கு அருகே படிப்பதில் தாய்தந்தையர்க்கு உள்ள நிறைவை நாம் அறிவோம். அங்கு அவர் எடுத்துக்கொண்ட பாடம் குறியீட்டு அமைப்புகள் எனப்படுவது. கணிப்பொறியியல், மொழியியல், மெய்ப்பொருளியல், உளவியல் ஆகிய நான்கையும் இணைத்து, மனிதனும் பொறியும் எவ்வாறு அறிவைக் கையாள்கின்றன என்று ஆராயும் துறை அது.

திடலில் அவர் இடம் நடுத்தடுப்பு. தம் கோலுக்கு முன்னே, தடுப்பு வரிசையின் நடுவே நிற்பவர் அவர். இப்பணியை வெறும் உடல் வன்மை என்று எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று. எதிரியின் கால் பந்தைத் தொடுமுன், அது எங்கே செல்லும் என்று இவர் அறிந்திருக்கவேண்டும். ஓர் அடி முன்னே சென்றால் முதுகுப்புறம் வெளியாகும். ஓர் அடி பின்னே நின்றால் எதிரிக்குத் திரும்ப இடம் கிடைக்கும். ஆஃப்சைடு விதியைக் கருவியாகக் கொள்ள வேண்டுமானால் தடுப்போர் நால்வரும் ஒரு கயிற்றில் கட்டியவர்போல முன்னும் பின்னும் நகரவேண்டும். அவர்களை ஓயாமல் பேசி நகர்த்துபவர் நடுவில் நிற்பவரே. பந்தைப் பறித்தபின்னும் வேலை முடிவதில்லை. அஞ்சித் தொலைவில் உதைத்துவிடாமல், தம்மவருள் யார் தனித்து நிற்கிறார் என்று பார்த்து அவர் காலுக்கே அனுப்பவேண்டும். தற்காலத்தில் தாக்குதலின் முதல் அடி தடுப்பாட்டக்காரரிடமிருந்தே தொடங்குகிறது. சிறந்தவர் தரையில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பது அரிது. விழவேண்டிய நிலை வராதவாறு முன்னரே உரிய இடத்தில் நின்றுவிடுவதே தேர்ச்சி. நயோமியின் ஆட்டத்தை அறிந்தோர் வியந்து கூறுவதும் இவ்வமைதியையே.

2019ஆம் ஆண்டு டிசம்பரில் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம் சான் ஹோசேயிலேயே நடந்தது. எதிரே நின்றது வட கரோலினாப் பல்கலைக்கழகம். 1982இல் முதற்பட்டம் வென்றது முதல் மிகுதியான பட்டங்களைக் குவித்த குழு அது. கூடுதல் நேரம் ஆடியும் இருபுறமும் ஒரு கோலும் விழவில்லை. பெனால்டி உதைகளில் ஸ்டான்போர்டு 5-4 என வென்றது. அவற்றுள் இரண்டைத் தடுத்தவர் கோல் காப்பாளர் கேட்டி மேயர். தடுத்தபின் அவர் தம் இதழ்களைப் பூட்டுவதுபோல் விரலால் ஒரு சைகை காட்டினார். அன்று களித்தோர் எல்லாரும் அச்சைகையை நினைவிற் கொண்டனர். கேட்டியும் நயோமியும் அணித்தலைவர்களாகவும் அணுக்கத் தோழியராகவும் விளங்கினர்.

அடுத்த ஆண்டு இன்பமும் துன்பமும் கலந்து வந்தது. இருபது வயதுக்குட்பட்டோர் தேசியக் குழுவின் தலைவராக நின்று வட, நடு அமெரிக்கப் பகுதிப் போட்டியை வென்ற நயோமி, 2020ஆம் ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் என அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் பெருந்தொற்றினால் அவ்வயதினர்க்குரிய உலகக் கோப்பையே கைவிடப்பட்டது. அதனினும் கொடிதாக அவர் முழங்காலின் முன்தசைநாண் கிழிந்தது. அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கான பயிற்சியும் தேவைப்படும் காயம் அது. கல்லூரியில் ஒரு பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை.

அவருடன் ஆடிய தோழியர் சிலர் இதற்குள் வேறு வழி சென்றிருந்தனர். முன்னணி ஆட்டக்காரர் சோஃபியா ஸ்மித் இரண்டு ஆண்டுகளே படித்துவிட்டு 2020இல் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றார். கத்தரீனா மக்காரியோ 2021இல் பிரான்சு நாட்டுக் கழகம் ஒன்றிற் சேர்ந்தார். அவர்கள் முடிவைத் தவறென்று கூறல் இயலாது. இருவரும் பெரும்புகழ் எய்தினர். நயோமி இருந்து படித்தார். காயம் ஆறி, 2021இல் மீண்டும் ஆடி, பட்டப்படிப்பை முடிக்கும் நிலையில், அவ்வாண்டு டிசம்பரில் நடந்த லீக் தேர்வில் முதல் ஆளாகச் சான் டியேகோ வேவ் குழுவினரால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்குழு அப்போது ஓர் ஆட்டமும் ஆடியிராத புதுக்குழு. பயிற்சியாளர் கேசி ஸ்டோனி. இங்கிலாந்துக் குழுவின் தடுப்பாட்டக்காரராக விளங்கியவர் அவர். ஒரு புதிய வீட்டைக் கட்டுவோர் முதலில் மதிலை எழுப்பினர் என்று கொள்ளலாம்.

துயரும் உயர்வும்

2022 மார்ச்சு 1ஆம் நாள் கேட்டி மேயர் இறந்தார். தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 22. எப்போதும் நகைமுகத்தோடு பிறரை ஊக்கியவர் உள்ளே என்ன சுமந்தார் என்பதை அருகிருந்தோரும் அறியவில்லை. நயோமியின் தொழில்முறை வாழ்வின் முதற்பருவம் தொடங்கிய நேரம் அது.

எத்தகைய மனத்தோடு அவர் அவ்வாண்டு திடலில் இறங்கினார் என்பதை நாம் கற்பனை செய்து எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் கூறுவோம். ஏப்ரலில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிரே அமெரிக்க மூத்தோர் குழுவில் முதன்முறை ஆடினார். செப்டம்பர் 17ஆம் நாள் சான் டியேகோவின் புதிய அரங்கில் அவர் குழு ஆடியபோது 32,000 பேர் கூடினர். அந்நாள்வரை அந்த லீக் கண்டிராத கூட்டம் அது. புதுக்குழு அரையிறுதிவரை சென்றது. பருவ முடிவில் சிறந்த புதுமுகம், சிறந்த தடுப்பாட்டக்காரர் என்னும் இரு விருதுகளும் நயோமிக்கே வழங்கப்பட்டன. ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் பெற்ற முதல்வர் அவரே. 2023இல் அவர் குழு லீக் வரிசையில் முதலிடம் பெற்றது. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் இரண்டாம் முறை அவரை அடைந்தது.

2023இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உலகக் கோப்பை நடந்தது. தொடக்கத்துக்கு முன்னே நயோமி, மறைந்த தோழியை விளித்து எழுதிய மடல் ஒன்றை வெளியிட்டார். அந்த உலகக் கோப்பையைத் தோழியின் நினைவுக்கு உரியதாக்கினார். உடன் ஆடுவோரையும் சேர்த்துக்கொண்டு, இளைஞரின் மனநலம் குறித்து வெளிப்படையாகப் பேசும் முயற்சியொன்றைத் தொடங்கினார். தொலைக்காட்சி நிறுவனமொன்று தன் ஒளிபரப்பில் ஒரு விழுக்காட்டை அப்பேச்சுக்கு ஒதுக்க இசைந்தது. சூலை 22ஆம் நாள் ஆக்லாந்தில் வியட்நாமுக்கு எதிரே கோல் அடித்த சோஃபியா ஸ்மித், தம் இதழ்களைப் பூட்டுவதுபோல் விரலால் சைகை காட்டினார். 2019இல் சான் ஹோசேயில் கண்ட அதே சைகை. பொருள் தெரிந்தோர் கண்கலங்கினர்.

உடற்காயத்தை நாம் மறைப்பதில்லை. முழங்கால் கிழிந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். மாதக்கணக்கில் ஓய்வும் தருகிறோம். உள்ளத்தின் காயத்தை மட்டும் மறைக்கக் கற்றுக்கொடுக்கிறோம். மதிப்பெண்ணும் புகழும் குவிக்கும் பிள்ளைக்குக் குறை இராது என்று பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிவிடுகின்றனர். முன்தசைநாண் கிழிந்தும் மீண்டு ஆடிய ஒருவர், மீளாது போன தோழிக்காகப் பேசினார் என்பதிலே நம் இல்லங்களுக்கும் ஒரு செய்தி உண்டு.

அவ்வுலகக் கோப்பையில் அமெரிக்கா வெல்லவில்லை. ஆகஸ்டு 6ஆம் நாள் மெல்பர்னில் சுவீடனிடம் பெனால்டி உதைகளில் தோற்று, முதல் வெளியேற்றுச் சுற்றிலேயே வெளியேறியது. அமெரிக்கா உலகக் கோப்பையில் அவ்வளவு முன்னதாக வெளியேறியது அதுவே முதல் முறை. ஆயினும் நான்கு ஆட்டங்களில் அக்குழு விட்ட கோல் ஒன்றே ஒன்று. உழிஞை பிழைத்த போரில் நொச்சி பிழைக்கவில்லை. அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராக நயோமியையே அந்நாட்டுக் கூட்டமைப்பு தேர்ந்தெடுத்தது. பெண்களுக்குரிய அவ்விருதின் வரலாற்றில் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பெயர் இடம்பெற்றது அதுவே முதல்முறை. தோற்ற ஆண்டிலே காப்பவர்க்குப் படலம் வகுத்தனர்!

பாரிசும் இலண்டனும்

2024இல் பாரிஸ் ஒலிம்பிக். அமெரிக்காவின் பயிற்சியாளராக எம்மா ஹேய்ஸ் புதிதாக வந்திருந்தார். முதற்சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் வென்ற அமெரிக்கா, வெளியேற்றுச் சுற்றுகளில் ஜப்பானையும் ஜெர்மனியையும் கூடுதல் நேரத்தில் 1-0, 1-0 என வென்றது. ஆகஸ்டு 10ஆம் நாள் இறுதியாட்டத்தில் பிரேசிலையும் 1-0 என வென்று தங்கம் பெற்றது. மூன்று ஆட்டங்களில், அவற்றுள் இரண்டு நூற்றிருபது நிமிடம் நீண்டவை, எதிரி ஒரு கோலும் அடிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. ஒரே கோலால் வெல்லும் குழுவுக்கு அந்த ஒன்று போதுமாறு செய்பவர் தடுப்போரே. தாம் கண்ட தடுப்பாட்டக்காரருள் நயோமியே தலைசிறந்தவர் என்று எம்மா ஹேய்ஸ் அப்போது கூறினார்.

அவ்வாண்டு அக்டோபரில் அர்ஜென்டினாவுக்கு எதிரே நயோமி இரு கோல்களைத் தாமே அடித்தார். மூத்தோர் குழுவில் அவர் அடித்த முதற்கோல்கள் அவை. மதிற்காவலரும் வேண்டும்போது வாயில் திறந்து வெளிவந்து பொருவர் என்பதைக் காட்டினார்.

2025 சனவரியில் இலண்டன் மாநகரத்துச் செல்சி கழகம் அவரைச் சான் டியேகோவிடமிருந்து பெற்றது. அதற்குத் தந்த தொகை ஏறத்தாழ 11 லட்சம் டாலர். பெண் ஆட்டக்காரர் ஒருவர்க்காக ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது அதுவே முதல்முறை. அவ்வளவும் அதே ஆண்டிலேயே பிறரால் கடக்கப்பட்டது. அந்த வேகமே மகளிர் ஆட்டத்தின் வளர்ச்சிக்குச் சான்று. 1921இல் பெண்களுக்குத் திடலை மூடிய நாடு, நூறு ஆண்டு கழித்து ஒரு பெண்ணை இத்தொகை கொடுத்து வரவழைத்தது. ஆடவர் ஆட்டத்தில் புழங்கும் பணத்தோடு ஒப்பிடின் இது சிறுதொகையே என்பதும் உண்மை. செல்சியில் அவருடைய முதற்பருவம் காயத்தினால் இடையூறுற்றது. எனினும் அக்கழகம் அப்பருவத்து லீக்கில் ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டம் வென்றது.

மாறிவரும் வழி

இனி இவ்வரலாற்றில் ஒரு முக்கியமான வினா எஞ்சி நிற்கிறது. கல்லூரி வழியாகத் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்லும் பாதை இனியும் நிலைக்குமா?

நயோமி நடந்த பாதை அவருக்குப் பின்னே பெரிதும் மாறிவிட்டது. 2021இல் பதினைந்து வயதுச் சிறுமி ஒலிவியா மூல்ட்ரி வழக்குத் தொடுத்து, பதினெட்டு நிரம்பாதவரும் அந்த லீக்கில் ஆடலாம் என்னும் நிலையை உண்டாக்கினார். 2024இல் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், கல்லூரி முடித்தவரைக் குழுக்கள் வரிசையாகத் தேர்ந்துகொள்ளும் பழைய முறை ஒழிந்தது. முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்படும் பெருமை இனி எவர்க்கும் இல்லை. அதற்கு மாறாகத் தாம் விரும்பும் குழுவோடு நேரே பேசி உடன்படும் உரிமை எல்லார்க்கும் உண்டு. தம் ஊரைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை மேலானதே.

ஆனால் பதினாறு, பதினேழு வயதில் படிப்பை ஒருபுறம் வைத்துவிட்டுச் செல்வோர் பெருகும்போது, முழங்கால் ஒரு நொடியில் கிழியக்கூடியது என்பதையும் எண்ணவேண்டும். நயோமிக்கு அக்காயம் நேர்ந்தபோது அவர் கையில் பந்து மட்டும் இருக்கவில்லை; புத்தகமும் இருந்தது. பட்டம் பெற்றபின் அவர் முதுகலைப் படிப்பையும் மேற்கொண்டார். விளையாட்டா, படிப்பா என்று இரண்டையும் தராசின் இரு தட்டில் வைக்கும் நம் வழக்கத்துக்கு இவ்வாழ்வு ஒரு மறுமொழி. எல்லார்க்கும் இஃது இயலும் என்று நாம் கூறவில்லை. ஒரு சட்டமும், ஒரு பல்கலைக்கழகமும், ஒரு சமூகமும் சேர்ந்து தாங்கியபோது ஒருவர்க்கு இயன்றது என்பதே செய்தி.

முடிவுரை

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். எத்தியோப்பியப் பெண்ணின் கதை நமக்கு எதற்கு?

பிறந்த மண்ணை விட்டு வந்த சில குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தம் உணவைச் சமைத்து, தம் மொழியைப் பேசி, பிள்ளைகளை ஆடவிட்டன. வேறென்ன செய்கிறோம் நாம்? நம் சங்கத்து விழாக்களுக்கு வரும் சிறுவர்கள் கூட்டம் முடியுமுன்னே வெளியே ஓடிப் பந்து உதைக்கிறார்கள். சிறுமியர் பலர் சுவரோரம் நின்று பார்க்கிறார்கள். மாலைப் பொழுதில் காலனித் திடல் யாருடையது என்று பார்த்தால், அதிலும் பெரும்பகுதி சிறுவர்க்கே உரியதாக இருக்கிறது. எவரும் சட்டம் இயற்றித் தடுக்கவில்லை. 1921இல் இங்கிலாந்தில் எழுதித் தடுத்தார்கள். நாம் எழுதாமலே தடுத்து வருகிறோம்.

சங்கங்கள் பாட்டுப் போட்டியும் பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் நடத்துகின்றன. நடத்தட்டும். அவற்றோடு வாரத்தில் ஒரு மாலை, ஒரு பந்து, இரண்டு கல் வைத்த கோல், சிறுமியர்க்கென ஒரு மணி நேரம் என்று தொடங்கினால் பெருஞ்செலவு ஆகாது. அவர்களுள் எவரும் உலக அரங்குக்குச் செல்லாமற் போகலாம். அதனால் குறைவில்லை. ஓடி, விழுந்து, எழுந்து, தோழியரோடு கூவி, தோல்வியைத் தாங்கி வீடு திரும்பிய பெண்பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரமே பயனுடையது. அவள் மனம் சோர்ந்த நாளில், அதனைச் சொல்ல ஒரு தோழியாவது அத்திடலில் கிடைப்பாள்.

விடியல் என்று பெயரிட்ட அக்கழகத்தார் ஒரு காவலரை உலகுக்கு அளித்தனர். நொச்சி நம் வேலியோரத்துச் செடி. நாடெங்கும் தானே வளர்வது. பறித்துச் சூடிக்கொள்ள நம் மகளிர்க்கு இசைவளிப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.